புராசஸ்களுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தவர்

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற பெயரை நீங்க குறைந்தது மூணு தடவையாவது பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க. டேட்டா ஸ்ட்ரக்சர்ல ஷார்ட்டஸ்ட் பாத், ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்ல செமஃபோர், அதே பேப்பர்ல கொஞ்சம் தள்ளி பேங்கர்ஸ் அல்காரிதம். 13 மார்க் கேள்விக்கு எழுதி முடிச்சதும் ஆளை மறந்துடுவோம். ஆனா விண்டோஸ்ல நீங்க எழுதின ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமைக் கிளப்பி, அது ஓடுதா, முடிஞ்சுதா, தொங்கிடுச்சான்னு கவனிக்கிற வேலை வந்துச்சுன்னா, மனுஷர் திரும்பவும் வந்து நிப்பார்.

விண்டோஸை உருவாக்கியதில் அவருக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. ஆனால் பேரன்ட் புராசஸ், சைல்டு புராசஸ் என்று நாம் இன்று பேசும் விஷயத்தில் எங்கெல்லாம் மாட்டிக்கொள்வோமோ, அந்த இடங்களை எல்லாம் அவர் 1960களிலேயே யோசித்து வைத்துவிட்டார். அவருடைய வாழ்க்கையைச் சொன்னால் அந்த இடங்கள் தானாகவே வரிசையாக வரும். அதனால இந்தக் கட்டுரையில ரெண்டையும் சேர்த்தே சொல்றேன்.

வக்கீலாக நினைத்தவர்

டைக்ஸ்ட்ரா 1930 மே 11ஆம் தேதி நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் பிறந்தார். அப்பா வேதியியல் ஆசிரியர். அம்மா கணிதம் படித்தவர். ஒரு நிரூபணம் ஐந்து வரிக்கு மேல் போனால் வழி தப்பிவிட்டாய் என்று அர்த்தம் என அம்மா சொல்லிக் கொடுத்ததை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

பள்ளி முடிக்கும்போது அவருக்குச் சட்டம் படித்து, ஐக்கிய நாடுகள் சபையில் தன் நாட்டின் சார்பில் பேச வேண்டும் என்று ஆசை இருந்தது. கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மார்க் வந்ததால், கடைசியில் லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பக்கம் போனார். 1951இல் கேம்பிரிட்ஜில் மூன்று வார புரோகிராமிங் கோர்ஸ் நடக்கும் விளம்பரம் அப்பாவின் கண்ணில் பட்டது. மகனை அனுப்பி வைத்தார். அந்த மூன்று வாரம்தான் எல்லாத்தையும் மாத்திடுச்சு.

1952இல் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் மனசு ஒரு நிலையில் இல்லை. இயற்பியலாளர் என்றால் ஊர் மதிக்கும். புரோகிராமர் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. சில வருடங்கள் கழித்து இந்தக் குழப்பத்தைத் தன் மேலதிகாரி வான் வைன்கார்டனிடம் கொண்டுபோனார். கம்ப்யூட்டர்கள் இனி எங்கேயும் போகப் போவதில்லை, இந்தத் தொழிலை மதிப்புள்ள ஒரு துறையாக ஆக்கும் வேலை உன்னுடையதாகவே இருக்கலாமே என்று அவர் சொன்னார். டைக்ஸ்ட்ரா இயற்பியல் பட்டத்தைச் சீக்கிரமாக முடித்துவிட்டுப் புரோகிராமிங்கிலேயே தங்கிவிட்டார்.

1957இல் ரியா டெபெட்ஸைத் திருமணம் செய்தபோது, பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று அதிகாரிகள் ஏற்க மறுத்தார்கள். கடைசியில் இயற்பியலாளர் என்றே பதிவானது. பிளேஸ்மென்ட் ஃபார்ம்ல சாஃப்ட்வேர்னு டிக் பண்ற நமக்கு இது சிரிப்பா இருக்கும்.

ஷார்ட்டஸ்ட் பாத் அல்காரிதம் அதற்கு முந்தைய ஆண்டே பிறந்துவிட்டது. ரியாவுடன் கடைவீதிக்குப் போய்க் களைத்து, ஒரு காஃபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பேனாவும் பேப்பரும் இல்லாமல் சுமார் 20 நிமிடத்தில் யோசித்து முடித்தார். ஆர்மாக் என்ற புதிய கம்ப்யூட்டரின் திறப்பு விழாவில் பொதுமக்களுக்குக் காட்ட ஒரு டெமோ வேண்டியிருந்தது. 64 நகரங்கள் போதும் என்று வைத்துக்கொண்டார், ஏன்னா 6 பிட்டுக்குள்ள அடங்கிடும்.

எப்போது வரும் என்று தெரியாத ஒன்று

அந்த மையத்தில் வேலை ஒரு வித்தியாசமான முறையில் நடந்தது. லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் மெஷினைக் கட்டுவார்கள். டைக்ஸ்ட்ரா அதற்கான புரோகிராம்களை, மெஷின் தயாராவதற்கு முன்பே, பேப்பரில் எழுதி முடிப்பார். ரன் பண்ணிப் பார்த்துத் திருத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதும்போதே சரியாக இருக்கணும். இந்தப் பழக்கம்தான் அவரைக் கடைசி வரை நடத்தியது.

அடுத்த மெஷினான எக்ஸ்1-இல் இன்டரப்ட் வைக்கலாம் என்று ஹார்டுவேர் நண்பர்கள் சொன்னபோது டைக்ஸ்ட்ரா பயந்துபோனார். உடனே சம்மதிக்கவில்லை. காரணம் எளிது. இன்டரப்ட் எந்த நொடியில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் தப்பு நடந்தாலும் அதே தப்பைத் திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியாது. ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்து ஆயிரம் தடவையும் சரியாக வந்தாலும், ஆயிரத்து ஒன்றாவது தடவை கவிழலாம். கடைசியில் ஒத்துக்கொண்டு, அதற்கான புரோகிராமை மிகக் கவனமாக எழுதினார். 1959இல் அவர் டாக்டர் பட்டம் வாங்கியதும் இந்த வேலையை வைத்துத்தான்.

அந்தப் பயம் வீண் பயமில்லை. 1985க்கும் 1987க்கும் இடையே தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தில், ஒரே நேரத்தில் ஓடிய இரண்டு வேலைகள் ஒன்றை ஒன்று முந்தியதும் காரணமாகி, நோயாளிகள் மேல் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் இறந்தே போனார்கள். ஆபரேட்டர் வேகமாக டைப் செய்தால் மட்டும் வெளியே வந்த பிழை அது. சோதனையில் மாட்டவே இல்லை.

கைகாட்டி மரம்

1962இல் டைக்ஸ்ட்ரா ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குக் கணிதப் பேராசிரியராகப் போனார். அங்கே சுமார் ஆறு பேர் கொண்ட ஒரு சின்னக் குழு, எக்ஸ்8 என்ற மெஷினுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதியது. நினைவகம் 32 ஆயிரம் வேர்டுதான். அதில் பல பேருடைய புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அவர் எடுத்த முடிவு, முழு சிஸ்டத்தையும் தனித்தனியாக ஓடும் புராசஸ்களின் கூட்டமாகப் பார்ப்பது. எந்த புராசஸ் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்று எந்த அனுமானமும் கூடாது. அவை ஒன்றுக்கொன்று காத்திருக்க மட்டும் தெரிந்தால் போதும்.

அந்தக் காத்திருப்புக்குத்தான் செமஃபோர். ரயில்வேயில் இருக்கும் கைகாட்டி மரத்தின் பெயரையே வைத்தார். அது ஒரு எண், அதன் மேல் இரண்டே செயல்கள். பி என்றால் எண்ணைக் குறைக்கப் பார், முடியாவிட்டால் தூங்கு. வி என்றால் எண்ணைக் கூட்டு, தூங்குபவர்களில் ஒருவரை எழுப்பு. இந்த இரண்டு எழுத்தும் டச்சு வார்த்தைகளில் இருந்து வந்தவை. நம்ம புக்ல விளக்கமே இல்லாம வந்து நிக்கும்.

இதில் தூங்கு என்பதுதான் முக்கியம். விண்டோஸுக்கு வாங்க. கிரியேட்-ப்ராசஸ் மூலம் ஒரு சைல்டைக் கிளப்பினால், அதற்கான ஹேண்டில் ஒன்று உங்க கைக்கு வரும். அது முடிஞ்சுதான்னு தெரிஞ்சுக்க நிறைய பேர் என்ன பண்றாங்க? ஒரு லூப் போட்டு, கெட்-எக்ஸிட்கோட்-ப்ராசஸைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க. இன்னும் ஓடிக்கிட்டிருந்தா 259 என்ற எண் வரும். இதில் இரண்டு கோளாறு. ஒன்று, வேலையே இல்லாமல் சிபியு சூடாகும். இரண்டாவது, சைல்டு முடியும்போது அதுவே 259 என்ற எக்ஸிட் கோடைக் கொடுத்துவிட்டால், செத்துப்போன புராசஸுக்காக உங்க லூப் காலமெல்லாம் சுத்தும்.

வெயிட்-ஃபார்-சிங்கிள்-ஆப்ஜெக்ட் கூப்பிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. உங்க த்ரெட் தூங்கிவிடும், சைல்டு முடிந்ததும் கெர்னலே எழுப்பும். எக்ஸிட் கோடை அதற்குப் பிறகு கேட்டால் போதும். முடிவே இல்லாமல் காத்திருக்க வேண்டாம் என்றால் மில்லிசெகண்டில் ஒரு கெடு கொடுக்கலாம். கெடு தாண்டினால் சைல்டு தொங்கிவிட்டதா, இல்லை வேலை அதிகமா என்று நீங்க முடிவெடுக்கணும். வேலை முடிந்ததும் ஹேண்டிலை மூடணும். த்ரெட்டுக்கு ஒன்று, புராசஸுக்கு ஒன்று, இரண்டையும். மூடாவிட்டால் சைல்டு செத்த பிறகும் அதன் ஆப்ஜெக்ட் கெர்னலில் கிடக்கும்.

1965இல் அவர் எழுதிய நீண்ட குறிப்பு ஒன்றில் இன்னொன்றும் உண்டு. பல வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கு, எல்லாம் முடிந்த பிறகே அடுத்த வரிக்குப் போ என்று சொல்லும் ஒரு அமைப்பு. விண்டோஸில் வெயிட்-ஃபார்-மல்ட்டிபிள்-ஆப்ஜெக்ட்ஸ் அதைத்தான் செய்கிறது. ஒரே நேரத்தில் 64 ஹேண்டில் வரைதான் கொடுக்கலாம். அந்த 64 நகரங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, சும்மா ஒரு பொருத்தம்!

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டால்

அதே காலத்தில்தான் டெட்லாக் பற்றியும் யோசித்தார். ஐந்து கம்ப்யூட்டர்கள் ஐந்து டேப் டிரைவுகளுக்குப் போட்டி போடுவதாக மாணவர்களுக்குத் தேர்வில் ஒரு கணக்குக் கொடுத்தார். பிறகு டோனி ஹோர் அதற்குச் சாப்பாட்டு மேஜையும் தத்துவ ஞானிகளும் கொடுத்துப் பெயரை மாற்றினார். நாம படிக்கிறது அந்தக் கதையைத்தான்.

விண்டோஸில் இதை ஐந்தே நிமிடத்தில் நேரில் பார்க்கலாம். ஒரு சைல்டைக் கிளப்பி, அதன் அவுட்புட்டைப் பைப் மூலம் வாங்க ஏற்பாடு செய்யுங்க. முதலில் அது முடியட்டும், பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று வெயிட் போடுங்க. அவுட்புட் சின்னதா இருந்தா எல்லாம் அழகாக ஓடும். பெரிசானா? பைப்பின் பஃபர் நிரம்பும். யாராவது படித்தால்தான் மேலே எழுத முடியும் என்று சைல்டு நிற்கும். சைல்டு முடிந்தால்தான் படிப்பேன் என்று பேரன்ட் நிற்கும். ரெண்டு பேரும் அப்படியே நிப்பாங்க. டெமோவில் பத்து வரி டேட்டாவுக்கு ஓடின புராஜெக்ட், நிஜ டேட்டா கொடுத்ததும் உறைந்து போவது பல நேரம் இதனால்தான்.

தீர்வு வரிசையில் இருக்கிறது. முதலில் பைப்பில் ஒன்றும் மிச்சமில்லை என்று ஆகும்வரை படி, பிறகு முடிவுக்குக் காத்திரு. இதிலும் ஒரு குழி உண்டு. பைப்பின் எழுதும் முனை சைல்டிடம் போன பிறகும், அதன் நகல் ஒன்று பேரன்ட் கையில் இருக்கும். சைல்டைக் கிளப்பியதும் அதை மூடிடணும். மூடாவிட்டால், இன்னும் எழுத ஒருத்தர் இருக்கார் என்று பைப் நினைத்துக்கொள்ளும். படிக்கும் பேரன்ட் தனக்குத்தானே காத்திருக்கும்.

ஐன்ட்ஹோவன் சிஸ்டத்தைப் பற்றிய கட்டுரை 1968இல் வெளியானது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகள், ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதை மட்டும் நம்பும். அடுக்கு அடுக்காகச் சோதித்ததால் கண்டுபிடித்த பிழைகள் எல்லாம் சில்லறைப் பிழைகளாகவே இருந்தன. அதே ஆண்டில் கோ டு ஸ்டேட்மென்ட்டை எதிர்த்து அவர் எழுதிய கடிதம் உலகம் முழுக்க சண்டை மூட்டியது. அந்தக் கடிதத்தின் பிரபலமான தலைப்பை வைத்தது அவர் இல்லை, பத்திரிகையின் ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த்.

வெளியே பெயர் வளர்ந்த அந்த நேரத்தில் உள்ளே நிலைமை வேறு. கணிதத் துறையில் அவருடைய வேலைக்குப் பெரிய ஆதரவு இல்லை. குழு கலைந்தது. டைக்ஸ்ட்ரா பல மாதங்கள் மன அழுத்தத்தில் விழுந்தார். அதிலிருந்து வெளியே வர அவர் கண்ட வழி எழுதுவது. ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங் பற்றிய குறிப்புகள் அப்படித்தான் பிறந்தன. சில நண்பர்களுக்கு மட்டும் அனுப்பினார். அவங்க காப்பி எடுத்து, அவங்க நண்பர்களுக்கு அனுப்பி, அது உலகம் சுத்தி வந்துடுச்சு. 1972இல் டூரிங் விருது கிடைத்தது.

பேரப்பிள்ளைகள் முடித்தார்களா?

1973இல் பல்கலைக்கழகத்தின் முழுநேர வேலையை விட்டு, பரோஸ் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஆனார். ஆபீஸ் எங்கே? நூனன் என்ற சின்ன ஊரில் அவர் வீட்டு மாடியறை. ஓவியர் வான் கோ ஒரு காலத்தில் வாழ்ந்த அதே ஊர். வொர்க் ஃப்ரம் ஹோம் அப்பவே! அங்கிருந்து ஃபவுண்டன் பேனாவால் எழுதி, எண் போட்டு, காப்பி எடுத்துத் தபாலில் அனுப்பினார். தன் இனிஷியலான ஈடபிள்யூடி என்ற பெயரில் அவர் எண்ணிட்ட குறிப்புகள் 1300ஐத் தாண்டும்.

1980இல், பழைய நண்பர் ஸ்கோல்டனுடன் சேர்ந்து ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். நம்ம தலைப்புக்கு மிக நெருக்கமானது இதுதான். கேள்வி இப்படி: ஒருவர் ஒரு வேலையைத் தொடங்குகிறார். அவர் சிலருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறார், அவர்கள் இன்னும் சிலருக்கு. மொத்தமும் முடிந்தது என்று முதல் ஆளுக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் சொன்ன வழியில், சும்மா இருக்கும் ஒருவருக்கு முதலில் யாரிடமிருந்து செய்தி வருகிறதோ அவரே பேரன்ட். ஒவ்வொருவரும் தான் அனுப்பிய செய்திகளில் எத்தனைக்கு இன்னும் பதில் வரவில்லை என்று எண்ணி வைத்துக்கொள்கிறார். தன் வேலையும் முடிந்து, அந்த எண்ணிக்கையும் பூஜ்யம் ஆன பிறகே தன் பேரன்ட்டுக்குப் பதில் சொல்கிறார். மரம் இலையிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். வேரில் பூஜ்யம் வந்தால் எல்லாம் முடிந்தது.

விண்டோஸில் இந்தக் கேள்வியைத்தான் பலர் மறக்கிறார்கள். நீங்க காத்திருந்தது சைல்டுக்கு. அந்த சைல்டு ஒரு பேரப்பிள்ளையைக் கிளப்பிவிட்டுத் தான் மட்டும் முடிந்துவிட்டால், உங்க வெயிட் திரும்பி வந்துடும், ஆனா வேலை இன்னும் ஓடிக்கிட்டிருக்கும். டெர்மினேட்-ப்ராசஸ் கூட அந்த ஒரு புராசஸை மட்டுமே கொல்லும். பேரன்ட் செத்தால் பிள்ளைகளும் தானாகச் சாகும் என்ற விதி விண்டோஸில் இல்லை. பேரன்ட்டின் எண்ணைக் குறித்து வைக்கும், அவ்வளவுதான். பேரன்ட் போன பிறகு அந்த எண்ணையே வேறு ஒரு புராசஸுக்குக் கொடுக்கவும் கொடுக்கும். எண்ணை நம்பி யாரையாவது கொன்றால் அது அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம்.

இதற்கு ஜாப் ஆப்ஜெக்ட் இருக்கு. சைல்டைத் தூங்கும் நிலையிலேயே உருவாக்குங்க, ஜாப்பில் சேருங்க, பிறகு எழுப்புங்க. முதலில் எழுப்பிவிட்டால், நீங்க சேர்ப்பதற்குள் அது ஒரு பேரப்பிள்ளையை வெளியே அனுப்பிவிடலாம். ஜாப்புக்குள் பிறக்கும் பிள்ளைகள், நீங்க விலக்குக் கொடுக்காதவரை, அந்த ஜாப்பிலேயே இருப்பார்கள். இன்னும் எத்தனை பேர் ஓடுறாங்கன்னு ஜாப்பைக் கேட்கலாம். பூஜ்யம் வந்தால் முடிந்தது. ஜாப்பை மூடும்போது உள்ளே இருப்பவர்களையும் முடித்துவிடு என்று ஒரு வரம்பு வைத்தால், உங்க புரோகிராம் பாதியில் கவிழ்ந்தாலும் அனாதைப் புராசஸ்கள் மிஞ்சாது.

டெக்சஸ், கடைசி நாட்கள்

1984இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே மாணவர்களுக்குத் தேர்வு வாய்மொழியாக, மணிக்கணக்கில். விடுமுறையில் ரியாவுடன் டூரிங் மெஷின் என்று பெயர் வைத்த ஃபோக்ஸ்வேகன் வேனில் பூங்காக்களைச் சுற்றினார்.

எல்லாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லணும். மொழிகளைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் அவர் எழுதிய சில வரிகள் ரொம்பக் கடுமையானவை. கம்ப்யூட்டரை அவரே பெரிதாகப் பயன்படுத்தவில்லை. பிற்காலத்தில் வைத்திருந்த மேக்கின்டாஷ் கூட மெயிலுக்கும் இணையத்துக்கும்தான். லட்சக்கணக்கான வரிகள் உள்ள ஒரு சாஃப்ட்வேரை முழுக்கக் கணிதமாக நிரூபித்து எழுத எந்த நிறுவனத்துக்கும் நேரம் இல்லை என்று சொன்னவர்களும் முட்டாள்கள் இல்லை. நாமும் ஸ்பிரின்ட் கெடுவுக்குள்ளதான் கோட் எழுதப் போறோம். ஆனால் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு புராசஸ்கள் விஷயத்தில் மட்டும், ஓட்டிப் பார்த்தேன் சரியா இருக்கு என்ற பேச்சுக்கு மதிப்பு குறைவு. அங்கே அவர் சொன்னதற்கு இன்னும் மாற்று வரவில்லை.

1999இல் ஓய்வு பெற்றார். புற்றுநோய் வந்த பிறகு நூனன் வீட்டுக்கே திரும்பினார். 1318ஆம் எண்ணுள்ள கடைசிக் குறிப்பை 2002 ஏப்ரலில் எழுதினார். அந்த ஆகஸ்ட் 6ஆம் தேதி காலமானார். அடுத்த ஆண்டு முதல், டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் துறையின் ஒரு முக்கிய விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது. நம்மில் பலர் அப்போ பிறக்கவே இல்லை.

உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்ல எங்கேயாவது ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கிளப்புதா? ரன் பட்டனை அழுத்தும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்க. யார் யாருக்காகக் காத்திருக்கிறார், சைல்டு முடியவே இல்லைன்னா என்ன ஆகும், பேரன்ட் நடுவில் செத்தால் மிச்சம் இருப்பவர்களை யார் பார்த்துக்கொள்வார் என்று மூன்று கேள்விக்கும் பேனாவால் பதில் எழுதுங்க. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லைன்னா, கோட் இன்னும் முடியலைன்னு வெச்சுக்கோங்க.